ஜெனரேட்டருக்கு முதலில் இடம், பிறகுதான் கேவிஏ

ஓசூரில் மாதத்தில் ஒரு நாள் காலை ஒன்பது மணிவாக்கில் கரண்ட் போகும். முந்தைய நாள் பேப்பரிலேயே செய்தி வந்திருக்கும்: துணை மின் நிலையத்தில் பராமரிப்புப் பணி, இன்னின்ன பகுதிகளில் மின் நிறுத்தம். பட்டியலில் தங்கள் தெரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எட்டரை மணிக்குள் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, மிக்ஸி வேலையை முடித்து, போனைச் சார்ஜில் போட்டுவிடுவார்கள். இதற்குப் பழகிப்போன ஊர் அது.

மார்கழியில் மட்டும் அந்த நாள் வேறு மாதிரி இருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஓசூரில், டிசம்பர், ஜனவரி விடியலில் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும். தளிப் பக்கம் இன்னும் குளிரும். தளிக்குக் 'குட்டி இங்கிலாந்து' என்றே ஒரு பெயர் உண்டு. நெடுஞ்சாலையில் லாரிகள் காலைப் பனிமூட்டத்தில் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும். அதே மாவட்டத்தில், மலைச்சாலை இறங்கி ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கிருஷ்ணகிரிக்குப் போனால் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். குளிருகிற ஊரில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். அப்படிச் சாத்தியிருக்கும் வீட்டின் போர்டிகோவிலோ சர்வீஸ் பால்கனியிலோ சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், அந்த வீட்டுக்காரர் வாங்கும்போதே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது அதன் திறனை, எத்தனை கேவிஏ என்று. விலை அடுத்த கேள்வி. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு எஸ்.பி. ரோடு நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால், அங்கே எவ்வளவு, இங்கே எவ்வளவு என்பது மூன்றாவது கேள்வி. இது எங்கே நிற்கப் போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. குளிர் ஊரில் மற்ற எல்லாக் கணக்கும் இந்தக் கேள்விக்குப் பின்னால்தான் வரவேண்டும்.

காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் ஒட்டிக்கொள்ளும் வாயு அது. முதலில் லேசான தலைவலி, அடுத்து குமட்டல், பிறகு உடம்பு அசந்து தூக்கம். குளிர்காலத்தில் இந்த மூன்றும் வந்தால் ஜலதோஷம் என்று நினைத்துக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளத்தான் தோன்றும். எழுந்து வெளியே ஓட வேண்டிய நேரத்தில் படுக்கச் சொல்வதுதான் இந்த வாயுவின் கொடுமை. ஒரு கையடக்க ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்களுக்குச் சமமான கார்பன் மோனாக்சைடைக் கக்கக்கூடும் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. வீட்டிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த் திசையைப் பார்க்க வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்பது அந்த ஆணையத்தின் அறிவுரை. அப்படிச் சொல்லியும் அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் நூறு பேர் இதனால் இறக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வாயுவின் பெயர் அடிபடுவது பெரும்பாலும் மலையூர்களில்தான். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இளைஞர்கள் இருவர், இறைச்சி சுட்ட கரியடுப்பைக் குளிருக்காக அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி, மறுநாள் எழுந்திருக்கவில்லை. அங்கே இருந்தது கரி, ஜெனரேட்டர் இல்லை. ஆனாலும் குளிர், மூடிய அறை, எரியும் பொருள் என்ற சேர்க்கை ஒன்றுதான்.

இதே சேர்க்கை பெரிய அளவில் நடந்தது டொரன்டோவில். 2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் உறைபனி மழை பெய்து, மரக்கிளைகள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் மின்கம்பிகள் மேல் விழுந்தன. நகரத்தில் மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. ஈழத்தமிழர்கள் நெருக்கமாக வாழும் ஸ்கார்பரோ அதிகம் அடிபட்ட பகுதிகளில் ஒன்று. சில வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் கழிந்தும் கரண்ட் வரவில்லை. அங்கே சூடு தரும் ஃபர்னஸ் எரிவாயுவில் எரிந்தாலும், அந்தச் சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறிக்குக் கரண்ட் வேண்டும். ஆகவே ஜெனரேட்டர் கிடைத்தவர்கள் அதை ஓட்டினார்கள். வெளியே பனி, திருட்டுப் பயம் வேறு, காரேஜுக்குள் வைத்தே ஓட்டியவர்களும் உண்டு. டொரன்டோவுக்குக் கிழக்கே நியூகாசிலில் அப்படிக் காரேஜில் ஓடிய ஜெனரேட்டரின் புகையால் இருவர் இறந்தார்கள். காரேஜ் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று நம்புவதுதான் பெரிய தவறு. வீட்டோடு ஒட்டிய காரேஜின் உள்கதவு இடுக்கு வழியாகவே போதுமான அளவு புகை உள்ளே வந்துவிடும்.

ஓசூர் போர்டிகோவும் அந்தக் காரேஜும் குணத்தில் வேறல்ல. மேலே கூரை, மூன்று பக்கம் சுவர், பக்கத்தில் படுக்கையறை ஜன்னல்.

ஆகவே தனி வீடு என்றால், காம்பவுண்டுச் சுவர் ஓரமாக, எந்த ஜன்னலிலிருந்தும் இருபது அடி தள்ளி ஒரு சிமென்ட் மேடை. மேலே மழைக்கு மட்டும் ஒரு தகரம். நான்கு பக்கமும் திறப்பு. அவ்வளவு இடம் இல்லாத முப்பதுக்கு நாற்பது மனை என்றால் பெட்ரோல் ஜெனரேட்டரே வேண்டாம். இன்வெர்ட்டரைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம். இதில் சமரசத்துக்கு வழியில்லை. அடுக்குமாடிகளில் வைக்கும் டீசல் செட்டுக்குச் சட்டமே அளவு சொல்கிறது: ஒரு மீட்டர் தூரத்தில் சத்தம் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது, புகைக்குழாய், கட்டடத்தின் உயரத்துக்கு மேல் கேவிஏவின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கினால் வரும் மீட்டர் அளவுக்கு எழும்பி நிற்க வேண்டும். 25 கேவிஏ செட் என்றால் மொட்டை மாடிக்கு மேல் ஒரு மீட்டர். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் மூன்றாம் மாடிக்காரரின் சமையலறைக்குள் புகை வருவது நிற்கும்.

இந்த எல்லைப் பகுதிக்கு ஜெனரேட்டர் புதிதல்ல. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வந்து, பின்னாலேயே டைட்டன் வந்து, அவர்களுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் ஆயிரக்கணக்கில் முளைத்த ஊர் இது. 2008-இல் தொடங்கிய மின்வெட்டுக் காலம் அந்தப் பட்டறைகளுக்கு மறக்காது. உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டு. மாலை ஆறு முதல் பத்து வரை உச்ச நேரத்தில் 90 சதவீதம். 2012-இன் பிற்பாதியில் சென்னைக்கு வெளியே வீடுகளுக்கே பதினான்கு மணி நேரம்வரை கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒத்திசைந்து இணைந்தது 2013 டிசம்பர் 31-ஆம் தேதி, ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி வழியாக. அதுவரை வடக்கே மிச்சம் இருந்தாலும் தேவையான அளவு இங்கே கொண்டுவர வழியில்லை. ஆலைகள் மீதான கட்டுப்பாடு விலக 2015 ஆனது. அந்த ஏழு ஆண்டுகளில் சிப்காட்டின் சந்துகளில் டீசல் செட் ஓடாத பட்டறை அரிது. ஜெனரேட்டர் பார்க்கத் தெரிந்த மெக்கானிக், அதிலும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் திட்டத் தெரிந்த மெக்கானிக், ஓசூரில் இன்றும் கிடைப்பது அந்தக் காலத்தின் மிச்சம்.

இன்னொரு தரப்பும் உண்டு: ரோஜாக்காரர்கள். அமுதகொண்டப்பள்ளியில் அரசு நிறுவனமான டிட்கோவின் கூட்டு முயற்சியாக வந்த டான்ஃப்ளோரா தொடங்கி, பாகலூர், தளி வட்டாரத்துச் சின்னப் பசுமைக்குடில்கள் வரை, பிப்ரவரி 14-ஐ நம்பித்தான் குளிர்காலம் ஓடுகிறது. ஜனவரிக் கடைசியில் வெட்டும் பூவை 2 முதல் 4 டிகிரிக் குளிர் அறையில் வைத்து, பெங்களூரு விமான நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நடுவில் நாலு மணி நேரம் குளிர் அறை நின்றால் மொட்டு விரியத் தொடங்கும்; விரிந்த பூ ஏற்றுமதி விலைக்குப் போகாது, உள்ளூர்ச் சந்தைக்குத்தான். வெளியே ஊரே நடுங்கும்போது, உள்ளே இன்னும் குளிராக வைத்திருக்க டீசல் எரிக்கும் விசித்திரம் இங்கேதான். பூவைப் பார்க்கிற கண்ணோடு வீட்டையும் பார்த்தால் ஜெனரேட்டர் வாங்குவதில் பாதிப் பிழை வராது. எது நின்றால் நஷ்டமோ அதற்கு மட்டும் கணக்கு, மற்றது காத்திருக்கலாம்.

மத்திகிரிப் பக்கம் மூன்று படுக்கையறைத் தனி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளக்குகள், இரண்டு விசிறி, டிவி, வைஃபை, ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து 600 வாட்டுக்குள் அடங்கும். கூடவே யாராவது ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் இருந்தால் இன்னொரு 350. இதுவரை 2 கேவிஏ செட்டே போதும். சிக்கல் இரண்டு பொருளில் வரும். ஒன்று கீசர்: அது ஒன்றே 2,000 வாட். மார்கழியில் வெந்நீர் வேண்டாமா என்றால் வேண்டும்தான், ஆனால் அதை ஜெனரேட்டரில் காய்ச்சுவது பெட்ரோலைக் கொளுத்திக் கரண்டாக்கி, அந்தக் கரண்டை மறுபடி சூடாக்குவது. அடுப்பில் ஒரு அண்டா வைத்தால் நாலில் ஒரு பங்கு செலவில் முடியும். இன்னொன்று போர் மோட்டார். ஓசூரில் ஆயிரம் அடி போர் சாதாரணம். மோட்டாரும் அதற்கேற்ற குதிரைத்திறனில்தான் இருக்கும். ஓடும்போது இழுக்கும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு அது கிளம்பும் அந்த நொடியில் இழுக்கும். அந்த 2 கேவிஏ செட்டில் ஒன்றரை ஹெச்பி மோட்டாரைப் போட்டாலே ஜெனரேட்டர் முக்கி நின்றுவிடும். ஒன்றிரண்டு முறை இப்படி ஆனால் வைண்டிங் போகும். மோட்டாருக்கு ஜெனரேட்டர் என்றால் அதன் ஓட்ட அளவைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு செட் வேண்டும். அதைவிட மேல்தொட்டியைப் பெரிதாகக் கட்டுவது மலிவு.

அப்படியானால் பெரிதாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். கூடாது. டீசல் செட்டை அதன் திறனில் முப்பது சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து ஓட்டினால் இன்ஜின் போதிய சூடு ஏறாது. எரியாத டீசலும் கரியும் சேர்ந்து புகைக்குழாயில் கருப்புக் கசடாக வழியும். குளிர் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நான்கு விளக்குக்கு 10 கேவிஏ ஓட்டுபவர் மெக்கானிக்குக்குத்தான் சம்பாதிக்கிறார்.

உயரக் கணக்கு ஒன்று உண்டு, கடைக்காரர்கள் சொல்வதில்லை. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் மூன்று, மூன்றரை சதவீதத் திறனை இழக்கும், காற்று மெலிவதால். ஓசூரில் பத்தில் ஒரு பங்கு போகும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் நாலில் ஒரு பங்கு. அங்கே கார்புரேட்டர் ஜெட்டையும் மாற்ற வேண்டிவரும். இல்லையென்றால் பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை விடும்.

குளிரில் ஸ்டார்ட் ஆவதுதான் பெரிய பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். ஓசூர்க் குளிருக்கு அது பிரச்சினையே இல்லை. சோக்கை இழுத்து, நாலு முறை கயிறு இழுத்து, இன்ஜின் பிடித்ததும் சோக்கைத் தள்ளிவிட்டு, மூன்று நிமிடம் கழித்து லோடு கொடுத்தால் போதும். 20டபிள்யூ-40 ஆயிலுக்குப் பதில் 10டபிள்யூ-30 போட்டால் கயிறு இன்னும் லேசாக வரும். அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து, எண் குறையக் குறையக் குளிரில் ஆயில் இளகி ஓடும். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள செட்டில் பேட்டரிதான் கைவிடும்.

உண்மையான குளிர் எது என்று தெரிய லடாக் போக வேண்டும். திராஸில் மைனஸ் இருபதைத் தாண்டும். சாதாரண டீசலில் இருக்கும் மெழுகு அந்தக் குளிரில் உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். அதற்காகவே இந்தியன் ஆயில் 2019 நவம்பரில், மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் ஓடும் குளிர்கால டீசலை லடாக்குக்கு அனுப்பத் தொடங்கியது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் ஸ்ரீநகர்–லே மின்பாதை திறக்கப்பட்டு லே, கார்கில் பகுதிகள் நாட்டின் மின்தொகுப்பில் சேர்ந்தன. அதற்கு முன் குளிர்கால மாதங்களில் அங்கே பல இடங்கள் டீசல் செட்களைத்தான் நம்பியிருந்தன.

கனடாவில் இருக்கும் பிள்ளைகள் கேட்டால் சொல்ல வேண்டியது வேறு பட்டியல். அங்கே எரிவாயுக் குழாயில் நேரடியாக இணைத்த நிலையான செட்தான் நல்லது. எரிபொருள் கேன் தூக்க வேண்டாம், உறையவும் செய்யாது. பேட்டரிக்கும் ஆயிலுக்கும் சூடேற்றும் குளிர்காலக் கிட் கட்டாயம் சேர்த்து வாங்க வேண்டும். பனி குவிந்து புகைவாயை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சின்னப் பெட்ரோல் செட் என்றால், இன்ஜினுக்குள் சேரும் ஈரம் மூச்சுக்குழாயில் உறைந்து அடைத்து, உள்ளழுத்தம் ஏறி, ஆயில் சீலைத் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் சைபர் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. வீட்டுக்குள் சூடான இடத்தில் வைக்க வேண்டும்.

மறுபடி ஓசூர். ஜெனரேட்டரைக் கெடுப்பது ஓட்டம் இல்லை, சும்மா கிடப்பது. இப்போது கிடைக்கும் பெட்ரோலில் இருபது சதவீதம் வரை எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பாதி நிரம்பிய டேங்கில் குளிர் இரவில் உள்சுவரில் வியர்த்து நீர் சேரும். மூன்று மாதம் கழித்து கார்புரேட்டரைக் கழற்றினால் பச்சைப் பசை. வேலை முடிந்ததும் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டர் காலியாகும். மாதம் ஒருமுறை, பாதி லோடாவது கொடுத்து, அரைமணி நேரம் ஓட்ட வேண்டும். பேப்பரில் மின் நிறுத்தம் வரும் நாளையே இதற்கு வைத்துக்கொள்ளலாம். புதுச் செட்டில் முதல் இருபது மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும், பிறகு நூறு மணிக்கு ஒருமுறை. பெட்ரோலை வீட்டில் முப்பது லிட்டருக்கு மேல் உரிமமில்லாமல் சேமிக்கச் சட்டம் இடம் தராது. அவ்வளவு வைத்திருக்கவும் வேண்டாம்.

செலவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சிறு செட் தருவது மூன்று யூனிட் சொச்சம். லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய காலத்தில் யூனிட்டுக்கு முப்பது ரூபாய் ஆகிறது. 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர், இழப்பெல்லாம் போக ஏறக்குறைய ஒன்றேகால் யூனிட் தரும்: விளக்கு, விசிறி, வைஃபைக்கு நாலைந்து மணி நேரம் தாங்கும். இன்றைய மின்விநியோகத்தில் ஓசூர் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இது போதும். வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர், பூ வைத்திருப்பவர், கரண்ட்டை நம்பி உயிர் வாழும் நோயாளி இருக்கும் வீடு, இவர்களுக்குத்தான் ஜெனரேட்டர் தேவை. அவர்களும் இன்வெர்ட்டரோடு சேர்த்து வைத்து, ஜெனரேட்டரைப் பகலில் மட்டும் ஓட்டிப் பேட்டரியை நிரப்பிக்கொண்டால் டீசல் குறையும். இரவில் யாரும் தூங்கும்போது அது ஓட வேண்டிய அவசியமும் இருக்காது. குளிர் ஊரில் இந்த இரண்டாவது லாபம்தான் பெரிது.

கடைசியாக, கம்பத்தில் நிற்பவர். ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயரை இரண்டு பக்கமும் பின் வைத்து வீட்டு பிளக்கில் சொருகிக் கரண்ட் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மெயினை இறக்க மறந்தால் அந்தக் கரண்ட் மீட்டரைத் தாண்டித் தெருவுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாக ஏற்றி 11,000 வோல்ட்டாக்கும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பியைத் தொடும் லைன்மேன் செத்துப்போவார். "அண்ணே, ஜெனரேட்டர் ஓடுதே, மெயினை இறக்கிட்டீங்களா?" என்று லைன்மேன் கம்பம் ஏறுமுன் கீழேயிருந்து கேட்பது மரியாதைக்கான விசாரிப்பு இல்லை. ஈபி பக்கமோ ஜெனரேட்டர் பக்கமோ ஒன்றுதான் ஒரு நேரத்தில் சேரும்படி ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச், நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பதாக, உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் கையால் போட வேண்டும். செட்டின் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2008 டிசம்பரில் உட்ஸ்டாக் நகரத்துக் குடும்பம் ஒன்றில் நால்வர் கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள். உறவினர் ஒருவர் ஐந்தாண்டு போராடியதில், 2013-இல் வீடுகளில் அந்த வாயுவைக் கண்டறியும் அலாரத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் வீடுகளுக்கு இல்லை. ஆனால் அந்த அலாரம் ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஓசூரிலோ ஊட்டியிலோ ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் படுக்கையறைப் பக்கம் ஒன்று மாட்டுங்கள். பிள்ளைகள் டொரன்டோவில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, அவர்கள் வீட்டு அலாரத்துக்குப் பேட்டரி மாற்றியாயிற்றா என்று கேளுங்கள்.